மஞ்சள் எடுக்காத போன்

இனிமேல் புள்ளியாக வாழ்வதில்லை, மனிதனாக வாழ்வது என்று புரூஃப்காரர் முடிவெடுத்தது ஒரு நாள் காலை பல் துலக்கும்போது. வாய் நிறைய நுரை இருந்ததால் முடிவை வெளியே சொல்ல முடியவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். சமையலறை பக்கத்திலேயே இருந்தது.

புள்ளி விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் எல்லோருடைய போனும் மஞ்சள் கம்பெனியின் குடும்பத் திட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திட்டம் மனைவியின் பெயரில். திட்டம் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய போனில் ஒரு வரைபடம் தெரியும். குடும்பத்தில் உள்ள மற்றவர்கள் அதன் மேல் வண்ணப் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருப்பார்கள். மாமனார் பச்சைப் புள்ளி. மைத்துனன் நீலப் புள்ளி. நல்ல நிறமெல்லாம் மனைவியின் பிறந்த வீட்டுக்கே போய்விட்டதால் புரூஃப்காரருக்கு மிஞ்சியது சாம்பல்.

சாம்பல் புள்ளி காலையில் அச்சகம் போகும். அங்கேயே நாள் முழுக்க அசையாமல் கிடக்கும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைப்பார்களே ஒரு காகிதம், அதை அடிக்கிற அச்சகம் அது. எறும்பு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதியது போல எழுத்து இருக்கும். அதில் தப்பு இருக்கிறதா என்று புரூஃப் பார்ப்பதுதான் இவர் வேலை. எதிரே ஒருவர் மூலப் பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவர் அச்சடித்த பிரதியை ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படிப்பார். பூஜ்யத்தைச் சுழி என்பார். அவர் திருப்பிச் சொல்லி ‘சரி’ என்பார். இந்தத் தொழிலில் ஒரே ஒரு கட்டளைதான். படிக்கிறவன் என்ன படிக்கிறோம் என்று யோசிக்கக் கூடாது. யோசித்தால் மனசு முந்திக்கொண்டு இல்லாத எழுத்தையும் இருப்பதாகப் படித்துவிடும். அதனால் புரூஃப்காரர் தலைசுற்றல், வாந்தி, மயக்கம், மூச்சுத்திணறல் என்று எதையும் முகம் மாறாமல் படிப்பார். அச்சகத்தில் அவரைப் போல யோசிக்காதவர் வேறு யாரும் இல்லை என்று முதலாளியே பாராட்டியிருக்கிறார்.

இப்படி நாள் முழுக்கப் பொடி எழுத்தில் கிடந்த கண், சாயங்காலம் ஆனால் எழுத்தே இல்லாத ஒரு பெரிய பொருளைத் தேடும். அச்சகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே பஸ் டிப்போ. அதன் பின்புறம் வண்டி கழுவுகிற இடம். எதிரே ஒரு சிமெண்ட் பெஞ்ச். அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு ஆள் குழாயைப் பிடித்து பஸ்ஸின் விலாவில் தண்ணீர் அடிப்பான். நுரை பாளம் பாளமாக வழியும். அந்தப் பக்கம் பலகை கிடையாது, விளம்பரம் கிடையாது. வெறும் தகரம், வெறும் தண்ணீர். புரூஃப்காரருக்கு அதுதான் சொர்க்கம்.

சொர்க்கம் அம்பலமானது எப்படியென்றால், ஒரு நாள் மனைவி சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள்.

“என்னங்க, உங்க புள்ளி தினமும் டிப்போ பின்னால நிக்குதே. யாரைப் பார்க்கப் போறீங்க?”

“யாரையும் இல்ல.”

“யாரையும் பார்க்காம அங்க என்ன வேலை?”

“வேலை ஒண்ணும் இல்ல. சும்மா உட்கார்ந்திருப்பேன்.”

“சும்மான்னா?”

“சும்மான்னா சும்மாதான். பஸ் கழுவறதைப் பார்ப்பேன்.”

மனைவி அவரை நிதானமாகப் பார்த்தாள். அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவள். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறவர்களைத் திறக்க வைத்தே பழக்கம். இவர் பொய் சொல்லவில்லை என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் ஆபத்தாகப் போயிற்று. பொய் என்று நினைத்திருந்தால் சண்டையோடு முடிந்திருக்கும்.

“சும்மாதானே இருக்கீங்க? அப்ப நாளைக்கு அங்கிருந்து அப்படியே நடந்து தையல்கடைக்குப் போய் என் துணியை வாங்கிட்டு வாங்க.”

மறுநாள் துணி. அதற்கடுத்து மாமனாரின் மூக்குக்கண்ணாடி. அப்புறம் ஓடாத மிக்ஸி. பெஞ்சில் போய் உட்கார்ந்து முதுகைச் சாய்ப்பதற்குள் போன் அடிக்கும். “புள்ளி நின்னுடுச்சே, வேலை முடிஞ்சுதா?” என்பாள். நாளெல்லாம் புள்ளி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்த மனிதர், சாயங்காலமானால் தானே ஒரு புள்ளியாகி வதைபட்டார். கால் ஓரிடத்தில் நிற்க மறுத்தது. தூங்கும்போதுகூட யாரோ கூப்பிட்டது போல எழுந்து உட்கார்ந்தார்.

அவர் வழி தேடாமல் இல்லை. ஒரு முறை போனில் இடம் காட்டுவதை அணைத்து வைத்தார். ‘உங்கள் உறுப்பினர் தம் இருப்பிடத்தை மறைத்துள்ளார்’ என்று மனைவிக்குச் செய்தி போய்விட்டது. மறைத்துள்ளார் என்கிற சொல் ஒரு குடும்பத்தில் என்ன பாடு படுத்தும் என்று அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்காது, கல்யாணம் ஆகாதவராக இருக்கும். இன்னொரு முறை போனை அச்சகத்திலேயே விட்டுவிட்டுப் போனார். புள்ளி நகரவில்லையே என்று அவள், அச்சகத்தில் மூலப் பிரதி பார்க்கிற எதிர் நாற்காலிக்காரருக்குப் போன் செய்தாள். அவரோ வேலையில் மட்டுமல்ல, வெளியிலும் உள்ளதை உள்ளபடி சொல்கிறவர்.

திட்டத்தை விட்டு விலகுகிறேன் என்று நேராகவே சொல்லலாம்தான். உடனே ‘ஏன்’ என்று கேட்பாள். அந்த ‘ஏன்’ என்ற சொல்லுக்குத் தன் மேல் பழி வராத ஒரு பதில் வேண்டும். நான் விலகவில்லை, கம்பெனிதான் என்னை விலக்கிவிட்டது என்று சொல்ல முடிந்தால்?

அங்கேதான் மூளை வேலை செய்தது. மஞ்சள் கம்பெனியின் விதிகளை உட்கார்ந்து படித்தார். பொடி எழுத்து அவருக்குப் பழக்கம். கம்பெனி ஏற்றுக்கொண்ட போன்களின் பட்டியலில் இல்லாத போனுக்குச் சேவை கிடையாது என்று ஒரு வரி இருந்தது. பட்டியலையும் முழுக்கப் படித்தார். அதில் இல்லாத ஒரு வெளிநாட்டுப் போனைக் கண்டுபிடித்தார். போகிற போக்கில் பட்டியலில் இரண்டு எழுத்துப்பிழையும் கண்டுபிடித்தார், தொழில் புத்தி.

வெளிநாட்டுச் சரக்கு விற்கிற கடைக்காரர் போனைத் துடைத்து எடுத்துக் காட்டினார்.

“இது பூட்டே இல்லாத போன் சார். எந்தக் கம்பெனி சிம் வேணும்னாலும் போட்டுக்கலாம்.”

“மஞ்சள் போடலாமா?”

கடைக்காரர் குரல் இறங்கியது. “மஞ்சள் மட்டும் கொஞ்சம் தகராறு பண்ணும்.”

“கொஞ்சமா, சுத்தமாவா?”

“உங்ககிட்ட மறைக்கக் கூடாது சார். சுத்தமா எடுக்காது.”

“நல்லாத் தெரியுமா?”

“சத்தியமா எடுக்காது.”

“அப்ப கொடுங்க.”

குறையைச் சொன்னதும் ஓடிப்போகிறவர்களைத்தான் அந்தக் கடைக்காரர் பார்த்திருந்தார். குறைக்காகவே வாங்குகிற ஆளை வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

திரும்பி வர வழி இருக்கக் கூடாது என்று புரூஃப்காரர் பழைய போனை அன்றைக்கே மாமனாருக்குக் கொடுத்துவிட்டார். மாமனாரின் போன் காது கேட்காததுபோல் ஆகி ரொம்ப நாளாயிற்று.

“எங்க அப்பாவுக்கா?” என்றாள் மனைவி. “நீங்களாவா கொடுத்தீங்க?”

“பெரியவர் கஷ்டப்படறாரு. பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?”

மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

பிறகு புதுப் போனில் மஞ்சள் சிம்மைப் போட்டார். ‘சேவை இல்லை’ என்று வந்தது. புரூஃப்காரருக்கு உள்ளே குளிர்ந்தது. முகத்தை மட்டும் வீட்டில் ஏதோ துக்கம் நடந்தது போல் வைத்துக்கொண்டார்.

“அடடா. நம்ம மஞ்சள் இதை எடுக்கலியே.”

“திருப்பிக் கொடுத்துடுங்க.”

“வித்த சாமானைத் திருப்பி வாங்க மாட்டான்.”

“அப்ப அப்பாகிட்ட இருந்து பழசை வாங்கிடலாம்.”

“கொடுத்ததை வாங்கறதா? நம்ம மரியாதை என்ன ஆகும்?” என்று நியாயமாகக் கோபித்துக்கொண்டார். பிறகு குரலைத் தழைத்தார். “வேற வழி இல்லம்மா. என் நம்பரை வேற கம்பெனிக்கு மாத்திக்க வேண்டியதுதான். உன்னை விட்டுப் பிரியறது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.”

“திட்டத்தை விட்டுத்தானே பிரியறீங்க?”

“அதைத்தான் சொன்னேன்.”

“சரி, பாருங்க,” என்றாள். இவ்வளவு சுலபமாகச் சரி என்று அவள் சொல்லி அவர் கேட்டதில்லை. அது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் ஒரு காரியம் கைகூடும்போது உறுத்தலை யார் பொருட்படுத்துகிறார்கள்?

இனி வேண்டியது இந்தப் போனை ஏற்றுக்கொள்ளும் ஒரு கம்பெனி. பூட்டே இல்லாத போன் என்றால் ஊரில் இருக்கிற அத்தனை கதவும் திறக்கும் என்று அவர் நினைத்திருந்தார். கதவுகளில் இருந்த பூட்டு அவர் நினைவுக்கு வரவில்லை.

முதலில் பச்சைக் கம்பெனி. சோதித்துப் பார்க்கிற சிம் ஒன்றைக் கடைப் பெண் போட்டுக் கொடுத்தாள். படம் வந்தது, பாட்டு வந்தது, உலகச் செய்தி எல்லாம் வந்தது. பக்கத்துப் போனிலிருந்து அடித்தால் மட்டும் அடிக்கவில்லை.

“பேச்சு வரலியேம்மா.”

“இந்தப் போன் எங்க பட்டியல்ல இல்ல சார். இதுக்குப் பேச்சு மட்டும் வராது. மத்தபடி நல்ல போன்.”

“போன்னா பேசணும் இல்லையா?”

“இப்ப யாரு சார் பேசறாங்க?” என்றாள் அந்தப் பெண் உண்மையான ஆச்சரியத்தோடு.

ஒரு நொடி புரூஃப்காரருக்குச் சபலம் தட்டியது. மனைவி கூப்பிட்டால் அடிக்காத போன். ஆனால் கூப்பிட்டு எடுக்காவிட்டால் அவள் டிப்போவுக்கு நேரிலேயே வந்துவிடுவாள். அடிக்க வேண்டும், பேச வேண்டும், எங்கே இருக்கிறோம் என்று மட்டும் தெரியக் கூடாது. அதுதான் அவர் கேட்ட சுதந்திரம்.

இதற்கிடையில் போன் இல்லாத கணவன் தெருவில் எங்கே போய் விழுவானோ என்று மனைவி ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். மறுநாள் அச்சகம் முடிந்து கிளம்பும்போது எதிர் நாற்காலிக்காரரும் பையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

“நீங்க எங்க?”

“தங்கச்சி சொல்லிச்சு. உங்களுக்குப் புதுப் போன் வேலை செய்யற வரைக்கும் கூடவே இருக்கச் சொல்லி.”

“நான் என்ன குழந்தையா?”

“அதையும் நான் கேட்டேன். தங்கச்சி பதில் சொல்லல.”

ஆக, வரைபடத்தில் இருந்த புள்ளி போய், இரண்டு கால் முளைத்த புள்ளி பக்கத்திலேயே நடந்து வந்தது. வரைபடத்துப் புள்ளி இருக்கிற இடத்தை மட்டும் சொல்லும். இது மேற்கொண்டு வர்ணனையும் செய்தது.

“ஆமா தங்கச்சி, சிவப்புக் கம்பெனி வாசல்ல நிக்கிறோம். உள்ள கூட்டம். இவர் குதிகாலை ஊனாம நிக்கிறாரு. முகம் சரியில்ல.”

“அதையெல்லாம் எதுக்குச் சொல்றீங்க?”

“கேட்டுச்சு, சொன்னேன்.”

சிவப்புக் கம்பெனியில் போன் அடித்தது. புரூஃப்காரர் பாய்ந்து எடுத்தார். கடைக்காரர் மறுமுனையிலிருந்து “ஹலோ ஹலோ” என்றார். இவரும் “ஹலோ” என்றார். அவர் மறுபடி “ஹலோ” என்றார். இவர் தொண்டை கிழியக் கத்தினார். பத்தடி தள்ளி நின்ற அவருக்குக் காதில் நேராகக் கேட்டது, போனில் கேட்கவில்லை.

“அவங்க பேசறது உங்களுக்குக் கேக்கும் சார். நீங்க பேசறது அவங்களுக்குக் கேக்காது,” என்று முடிவாகச் சொன்னார் கடைக்காரர்.

“இதுக்கு நான் எதுக்குக் கம்பெனி மாத்தணும்? வீட்டுலயே அப்படித்தானே இருக்கேன்.”

எதிர் நாற்காலிக்காரர் போனை வாய்க்கு அருகில் கொண்டு போவதைப் பார்த்து, “இதைச் சொல்லாதீங்க,” என்று புரூஃப்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து வெள்ளைக் கம்பெனி. அங்கே சிம்மே போடவில்லை. போனுக்கு அடியில் ஒரு நீளமான எண் இருக்கும், அதைப் படியுங்கள் என்றார்கள். புரூஃப்காரர் தொழில் குரலில் நிறுத்தி நிதானமாகப் படித்தார். எதிர் நாற்காலிக்காரர் பழக்க தோஷத்தில் “சரி” என்றார். கவுன்டரில் இருந்தவர் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இப்படி ஒரு போனே இல்ல சார்.”

“இருக்கே. இதோ என் கையில இருக்கே.”

“கையில இருக்கு சார். கம்ப்யூட்டர்ல இல்ல.”

“எது நிஜம்?”

“எங்களுக்குக் கம்ப்யூட்டர்தான் சார்.”

வெளியே வந்ததும் புரூஃப்காரர் நடைபாதையில் மேலும் கீழுமாக நடந்தார். பழைய போன் போயிற்று. புதுப் போன் பேசாது. டிப்போ பெஞ்சை எட்டிப் பார்த்தே நாளாயிற்று. சுதந்திரம் கேட்டுப் புறப்பட்டவருக்கு இப்போது ஒரு காவல்காரரும் கிடைத்திருந்தார். வீட்டில் மனைவி தினமும் கதவைத் திறந்ததும், “இன்னைக்காவது எடுத்துச்சா?” என்று கேட்டாள். பரீட்சையில் தோற்ற பிள்ளையைக் கேட்பது போல இருந்தது.

“மஞ்சள்லயே கேட்டுப் பார்க்கட்டுமா? எழுதிக் கொடுத்தா சேர்த்துக்குவாங்களோ என்னவோ.”

“வேண்டாம், வேண்டாம்,” என்று பதறினார். “உனக்கு எதுக்குச் சிரமம்?”

“எனக்கு என்ன சிரமம்?”

“எனக்குத்தான் மனசு கேக்கல.”

ஊதாக் கம்பெனி ஒரு சலவைக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. சின்ன கம்பெனி. படிக்கட்டில் இஸ்திரி வாசனை. ஒரே ஒரு கவுன்டர், அதில் ஒரே ஒரு பெண். புரூஃப்காரர் போனை நீட்டும்போதே, “எடுக்காதுன்னு சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடும்மா, உட்காராமலே போயிடறேன்,” என்றார்.

அவள் சிம்மைப் போட்டாள். சிறிது நேரம் ஒன்றும் ஆகவில்லை. புரூஃப்காரர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். அப்புறம் திரையின் ஓரத்தில் சின்னச் சின்னச் சிக்னல் கோடுகள் ஒன்றன் பின் ஒன்றாக எழுந்து நின்றன. எதிர் நாற்காலிக்காரர் அடித்தார். அடித்தது. பேசினார். கேட்டது. இவர் பேசியதும் அவருக்குக் கேட்டது.

“எங்களுக்குப் பட்டியலே கிடையாது சார். எந்தப் போன் வந்தாலும் எடுத்துக்குவோம். வர்றதே கொஞ்சம் பேர்தான்,” என்றாள் அந்தப் பெண்.

புரூஃப்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் படிக்கட்டு, அந்த இஸ்திரி வாசனை, எல்லாமே தெய்வீகமாகப்பட்டன.

“உங்க பழைய நம்பரையே இதுக்கு மாத்திடலாம் சார். ஆனா அது மஞ்சள் குடும்பத் திட்டத்துல இருக்கு. திட்டம் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு ஒரு எண் போகும். அவங்க அதைச் சொன்னாதான் உங்களை விடுவாங்க.”

தெய்வீகம் சட்டென்று இறங்கியது. எதிர் நாற்காலிக்காரரின் போனை வாங்கி மனைவியைக் கூப்பிட்டார்.

“சொல்லுங்க. ஒரு நிமிஷம். ஐயா, நீங்க வாயை மூடாதீங்க, டாக்டர் வந்துட்டாரு. ம், சொல்லுங்க.”

“ஊதா எடுத்துக்கிச்சும்மா. உன் போனுக்கு ஒரு எண் வந்திருக்கும். அதைச் சொன்னியானா…”

“வந்திருக்கு. எழுதிக்கங்க.” அவள் சொன்னாள். இவர் திருப்பிச் சொன்னார். சரி பார்த்தாயிற்று. அவ்வளவுதான். ஒரு ‘ஏன்’ இல்லை, ஒரு ‘அப்படியா’ இல்லை. இத்தனை வருஷக் கட்டு அவிழ்ந்தது. அவளுக்கு அவர் இனிமேல் எந்த வரைபடத்திலும் இல்லை.

“நல்ல கம்பெனியா?” என்று கேட்டாள் மனைவி.

“பிரமாதம். சத்தம் பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு.”

“கவுன்டர்ல யாரு இருக்காங்க?”

“ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு, பொறுமையாச் சொல்லுது.”

“கொஞ்சம் அவகிட்ட கொடுங்க. ஒரு நன்றி சொல்லிடறேன். எங்க வீட்டுக்காரரை வச்சுக்கிட்டு எவ்வளவு பாடு பட்டிருக்கும்.”

புரூஃப்காரர் போனைக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்று தன் புதுப் போனைத் தடவிக்கொண்டிருந்தார். நன்றி கொஞ்சம் நீளமாகவே போயிற்று. அந்தப் பெண் “ஆமாக்கா” என்றாள். “நாலு பேர் வரைக்கும்க்கா” என்றாள். ஏதோ கேட்டுச் சிரித்தாள். பெண்களுக்கு ஒருவரை ஒருவர் பார்க்காமலே எப்படிப் பழக்கமாகிவிடுகிறது என்று இவர் வியந்தார். அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதில் அவர் தேர்ந்தவர் என்று முன்பே சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் எதிர் நாற்காலிக்காரர் பையை எடுத்துக்கொண்டு தன் வழியே போனார். புரூஃப்காரர் டிப்போவின் பின்புறம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் போன். ஊதா. யார் வரைபடத்திலும் இல்லாத ஊதா.

ஆனால் சும்மா இருக்க வரவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது. போனை எடுத்துப் பார்த்தார். அழைப்பு எதுவும் இல்லை. வைத்தார். மறுபடி எடுத்தார். ஏன் கூப்பிடவில்லை? எங்கே இருக்கிறேன் என்று தெரியாவிட்டால் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் அல்லவா? ஒரு மனிதன் காணாமல் போனால் தேடக்கூட மாட்டார்களா? உடம்பு சரியில்லையோ? எண்ணை அவ்வளவு சுலபமாக ஏன் கொடுத்தாள்? ஒருவேளை தொல்லை விட்டது என்று கொடுத்துவிட்டாளா? எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று பாதி எழுந்தார். இதற்காகவா இத்தனை பாடுபட்டோம் என்று தன்னையே அதட்டி உட்கார வைத்துக்கொண்டார்.

ஒரு பஸ் உள்ளே வந்தது. குழாய்க்காரன் தண்ணீரைத் திருப்பினான். சேறு கரைந்து ஓடியது. பின்னால் நுரை. பிறகு மறுபடி தண்ணீர். தகரம் மெல்ல மெல்லப் பளபளத்தது. கால் ஆடுவது எப்போது நின்றது என்று அவருக்கே தெரியவில்லை. முதுகு பெஞ்சில் சாய்ந்தது. இத்தனை நாள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் முடிச்சவிழ்ந்தது. சும்மா இருந்தார்.

பையில் போன் ஒரு முறை சிணுங்கியது, செய்தி. உடனே மணியும் அடித்தது. மனைவி. எடுக்கும்போது அவருக்கு ஒரு நிம்மதியே வந்தது. தேடிவிட்டாள்.

“என்னங்க, வேலையா இருக்கீங்களா?”

“ஆமா, கொஞ்சம் வேலை,” என்றார். பொய் சொல்ல இவ்வளவு இடம் கிடைத்து எத்தனை காலமாயிற்று.

“ஒண்ணும் இல்ல. உங்க போனுக்கு இப்ப ஒரு எண் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் படிங்க.”

புரூஃப்காரர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். செய்தியைத் திறந்தார். கண் நேராக எண்ணுக்குப் போயிற்று. “ஏழு. சுழி. மூன்று. மூன்று. எட்டு. ஒன்று.”

“ஏழு, சுழி, மூன்று, மூன்று, எட்டு, ஒன்று.”

“சரி.”

மனைவி சுழி என்று சொன்னதில் அவருக்குச் சந்தோஷம். சுத்தமான பிரதி, ஒரு பிழை இல்லை. அந்தத் திருப்தியில் எண்ணுக்கு மேலே இருந்த எழுத்தையும் சாவகாசமாகப் படித்தார். ‘ஊதா குடும்பத் திட்டத்தில் உறுப்பினராகச் சேரவும், தங்கள் இருப்பிடத்தைத் திட்டத்தின் தலைவருக்குக் காட்டவும் தாங்கள் சம்மதம் தெரிவிப்பதற்கான எண். தாங்கள் சம்மதிக்காதவரை இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.’

எழுத்துப்பிழை ஏதும் இல்லை.

“இது என்னம்மா?”

“ஊதாவுலயும் குடும்பத் திட்டம் இருக்காம். அந்தப் பொண்ணு சொல்லிச்சு. நீங்கதான் பிரமாதமான கம்பெனின்னீங்களே. அப்பா, தம்பி, நான், எல்லாரும் இன்னைக்கு மாறிட்டோம்.”

“நீங்க எல்லாம் மஞ்சள்லயே நல்லாத்தானே இருந்தீங்க.”

“நீங்க மட்டும் அங்க தனியாக் கிடப்பீங்க, நாங்க இங்க இருக்கிறதா? பிரியறது கஷ்டமா இருக்குன்னு நீங்க வேற சொன்னீங்க. மனசு கேக்கல.” அவள் குரலில் கபடம் இருந்ததா இல்லையா என்று கடைசி வரை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. “இருங்க, வந்துடுச்சு. இதோ டிப்போ பின்னால. ஏங்க, இது மஞ்சளை விட நல்லா இருக்குதே. அதுல ஆள் எங்கன்னு மட்டும்தான் தெரியும். இதுல என்ன பண்றாங்கன்னும் போடறான்.”

“என்ன போட்டிருக்கான்?”

“உட்கார்ந்திருக்கிறார்னு போட்டிருக்கு.”

எதிரே குழாய்க்காரன் தண்ணீரை நிறுத்திவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டினான். பெஞ்சைச் சுற்றி ஆள் நடமாட்டம் இல்லை. ஆனாலும் புரூஃப்காரர் எழுந்து நின்றார்.

“ம், இப்ப நிக்கிறீங்க,” என்றாள் மனைவி. “அப்படியே நடங்க.”